தவிட்டுக்கு வாங்க வேண்டிய பிள்ளை

பிள்ளையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று மருத்துவர் அனுமதி தந்த அந்தக் காலையில், பெற்ற தாயாகிய என் மருமகள் அவனைத் தொட மறுத்துவிட்டாள்.

ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனையொன்றில், குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவு அது. பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்து, மூச்சுவிடக் கற்றுக்கொண்டு, ஒருவாறு தேறிய என் பேரன் இப்போது சாதாரணத் தொட்டிலில் கைகால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். மருமகளோ பக்கத்து நாற்காலியில், இரு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

“இவன் இன்னும் என் பிள்ளை இல்ல மாமா. நான் இன்னும் வாங்கல” என்றாள்.

என் மகன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “என்ன பேசுற நீ? கட்டில் வேணும்னு கேக்குறாங்க. அடுத்த பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு லா.”

“அவங்ககிட்டேருந்து வாங்காம தூக்கமாட்டேன். தூக்குனா இவனும் போயிருவான்.”

அவள் சொன்னதன் பொருளை விளக்காமல் மேலே எழுத இயலாது. அதை விளக்குவதற்கு என் பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் பிச்சை. எனக்கு முன்னர் பிறந்தவை தங்கவில்லை. ஆகவே நான் பிறந்தவுடன், ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பின்புறமிருந்த குப்பைமேட்டில் என்னை ஒரு முறத்தில் வைத்துக் கிடத்தினார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, யாரோ எறிந்துவிட்டுப் போன பிள்ளை என்று எடுத்துக்கொண்டு போனாளாம். என் தாய் சற்று நேரம் கழித்து அவள் வாசலில் போய் நின்று, மடியில் கட்டி வந்த தவிட்டைக் கொடுத்து என்னைக் கேட்டு வாங்கினாளாம். கொடுக்கும்போது அந்தப் பெண், “இது என் பிள்ளை இல்ல, தவிட்டுக்குத் தந்துட்டேன்” என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அச்சொல் சொல்லப்பட்ட பின்னரே பிள்ளை கைமாறியதாகக் கணக்கு. பிள்ளைகளைக் கொண்டுபோகும் அந்த ஏதோ ஒன்று, இது எவருக்கும் வேண்டாத பிள்ளை, பிச்சையாக வந்த பிள்ளை என்று ஏமாந்து விலகிப்போகும் என்பது அவர்கள் எண்ணம்.

பெயர் என்னைக் காப்பாற்றியதோ இல்லையோ, படாத பாடு படுத்தியது. தோட்டப் பள்ளியில் நான் பெயர் சொல்லி முடிக்குமுன் பின்வரிசையிலிருந்து “அம்மா தாயே!” என்று குரல் எழும். எங்கள் லயத்தில் தெலுங்குக் குடும்பத்தார் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பெண்டய்யா. தெலுங்கில் பெண்ட என்றால் சாணமும் குப்பையும் என்பதை அவரே சொல்லிச் சிரிப்பார். “நீ பிச்ச, நான் குப்ப. நமக்கு எமன்கிட்ட பயமில்லடா” என்பார். பிற்காலத்தில் ஈப்போவில் லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது சீன முதலாளி என் பெயரைத் தம் நாவுக்கேற்ப வளைத்துக் கூப்பிட்டார். அவர் வாயில் அதற்குப் பொருள் ஏதுமில்லாததால் எனக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. மகனின் திருமணத்தின்போது சம்பந்தி அம்மாள், அவர் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையுடன் கேட்டார்: “அண்ணை, உங்கட பேரிலை முதலெழுத்தை மட்டும் போட்டால் வடிவாயிருக்குமெல்லோ?” அவ்வாறே போட்டோம்.

நிற்க. மருமகளுக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தவறிப்போயினர். முதலாவது வயிற்றிலேயே. இரண்டாவது பெண், பிறந்து சில நாள் இருந்தது. அதற்கு வயிற்றிலிருந்தபோதே பெயர் பார்த்து, எண்கணிதம் பார்த்து, சம்பந்தி அம்மாள் நல்ல தமிழ்ச்சொல் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தார். பிறந்த நாளிலேயே அனைவரும் அப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் எவரும் அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. சாதாரணப் பேச்சில் வரவேண்டிய இடத்தில்கூட வேறு சொல்லைத் தேடுகிறோம். இங்கும் அதை நான் எழுதப்போவதில்லை.

மூன்றாவதாக இவன் குறைமாதத்தில் பிறந்தான். பெயர் வைக்கும் பேச்சையே எடுக்கக்கூடாது என்றாள் மருமகள். தொட்டிலின் அட்டையில் இன்னாருடைய குழந்தை என்றே இருந்தது. ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தபோது என்னைத் தனியே அழைத்து, “மாமா, உங்க பேரு எப்படி வந்துச்சு? முழுசா சொல்லுங்க” என்றாள். எனக்குச் சொல்ல விருப்பமில்லை. படித்த பெண், கணக்காய்வாளர் அலுவலகத்தில் பணிபுரிபவள். கேட்டுச் சிரிப்பாள் என நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. யார் கொடுக்கலாம், யார் வாங்கலாம், உறவினராக இருக்கலாமா, வேறு சாதியாராக, வேறு இனத்தாராக இருக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் காலத்துக் கூத்து, இவனுக்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். என் பெயரின் பாரத்தை நான் சுமந்தது போதும் என்று எனக்கிருந்தது.

ஆயினும் அவள் செய்துவிட்டாள். பக்கத்துத் தொட்டிலில் ஒரு சீனக் குழந்தை இருந்தது; பெண். அதன் தாய் வடக்கே, நெல் விளையும் பாரிட் புந்தாரைச் சேர்ந்தவர். இரண்டு பெண்களும் நாள்முழுதும் பாலெடுக்கும் அறையில் அடுத்தடுத்து அமர்ந்து மலாயில் பேசிப் பழகியிருந்தனர். அவரிடம் இவள் விவரத்தைச் சொன்னதும் அவர் வியக்கவில்லையாம். “எங்க ஊர்லயும் உண்டு. நோஞ்சான் பிள்ளைய நாய்க்குட்டின்னுதான் கூப்பிடுவாங்க. எங்க சின்ன மாமாவுக்கு இன்னிக்கு வரைக்கும் அதான் பேரு” என்றாராம். அப்போது மருந்து கொடுக்க வந்த மலாய் மிஸ்ஸியும், தாதியரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், நின்று கேட்டுவிட்டு, தம் தாத்தாவின் பெயரே புவாங், அதாவது வீசியெறிந்தது, என்று சொல்லிவிட்டுப் போனாராம். மூன்று இனத்தாரும் ஒரே களவைத் தத்தம் முறையில் செய்துவந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்மையில் வியப்பாகவே இருந்தது.

குப்பைமேட்டுக்கு எங்கே போவது? சொல்லால்தான் செய்தார்கள். மருமகள் தொட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, “இந்தக் குப்பை எனக்கு வேண்டாம்” என்றிருக்கிறாள். சீனப் பெண்மணி உள்ளே கைவிட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்து, “எனக்கு வேணும். இவன் என் காவ்கியா” என்றிருக்கிறார். காவ்கியா என்றால் அவர்களுடைய ஹொக்கியன் மொழியில் நாய்க்குட்டி.

அப்போதே தவிட்டைக் கொடுத்து வாங்கியிருந்தால் சடங்கு முடிந்திருக்கும். என் தாய் அப்படித்தான் செய்தாள். ஆனால் மருமகளின் அச்சம் வேறு கணக்குப் போட்டது. உடனே வாங்கினால் பிள்ளைகளைக் கொண்டுபோகும் அது விழித்துக்கொள்ளும். நன்றாகத் தேறும்வரை அவருடைய பிள்ளையாகவே இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இதற்கிடையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, பிரிவுக்குள் வரக்கூடாதென்று வீட்டில் நிறுத்திவைத்தார்கள். திரும்பி வந்தபோது பக்கத்துத் தொட்டிலில் வேறொரு குழந்தை இருந்தது. கேட்டதற்கு, அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார்கள். கைப்பேசியில் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அவ்வாறு வந்து நின்றதுதான் அந்தக் காலைப்பொழுது.

சம்பந்தி அம்மாள் பிள்ளைக்கான துணிப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். “என்ன பிள்ளை இது? படிச்ச பிள்ளை கதைக்கிற கதையா? அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ” என்றார். பையின் வாரை அவர் விரலில் முறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவர் தேர்ந்த பெயரைத்தானே சென்ற முறை பறிகொடுத்தோம். அவர் முன்வந்து தொட்டிலைத் தொடவில்லை என்பதையும் கவனித்தேன்.

“மாலைக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிரணும்” என்று மிஸ்ஸி வந்து சொன்னார்.

“அந்த அம்மா வீடு எங்கே இருக்குன்னு தெரியுமாம்மா?” என்று மருமகளிடம் கேட்டேன்.

“அரிசி ஆலைக்குப் பின்னாடி. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் பட்டறை வெச்சிருக்காருன்னு சொன்னாங்க.”

நானும் மகனும் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவன், “அப்பா, இத வெளிய சொன்னோம்னா நம்ம ரெண்டு பேரையும் நேரா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டுருவாங்க லா. அங்கதான் நமக்கு வார்டு” என்றான். சிரிக்க முயன்றான், இயலவில்லை. தைப்பிங்கை நெருங்கும்போது வழக்கம்போல் மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை.

பாரிட் புந்தாரில் மழை இல்லை. வயல்களில் கதிர் முற்றிய மஞ்சள். ஆலையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. வாசலிலேயே தவிடு மூட்டையாகக் கிடந்தது. வாத்து வளர்ப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்களாம். ஒரு சிறு பை நிறைய வாங்கினோம். அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தபோது எனக்கு உள்ளூரக் கூச்சமாக இருந்தது. என் பெயரைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்த பையன்கள் எவனாவது பார்த்தால் என்ன சொல்வான் என்றுகூட எண்ணினேன்.

பட்டறை, வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்தது. பிரித்துப்போட்ட மோட்டார் சைக்கிளுக்கு முன் குந்தியிருந்த ஆடவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். மகன் மலாயில், மருத்துவமனையில் உங்கள் மனைவியோடு இருந்தவர்கள், எங்கள் பிள்ளை விஷயமாக ஒன்று பேசவேண்டும் என்று தொடங்கினான். ஆடவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“பிள்ளைப் பேச்சு இந்த வீட்ல வேணாம்” என்றார். “போங்க.”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கொடியில் சிறு துணிகள் இல்லை. உள்ளிருந்து நல்லெண்ணெயில் இஞ்சி வதங்கும் மணம் வந்தது. பிள்ளை பெற்ற சீனப் பெண்களுக்குச் சமைக்கும் சமையல். ஆனால் அழுகுரல் இல்லை, ஊஞ்சலின் கிறீச்சொலி இல்லை. மகனின் தோளைத் தொட்டேன். அவனுக்கும் விளங்கியிருந்தது. முகம் சாம்பலாகிவிட்டது.

காருக்கு அருகே வந்ததும் அவன் சொன்னான்: “அப்பா, வாங்கிட்டோம்னு சொல்லிருவோம். தவிடு கொடுத்தோம், அவங்க அந்த வார்த்தைய சொன்னாங்க, முடிஞ்சுது. அவளுக்கு எப்படித் தெரியும்?”

நான் உடனே மறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் போய், பச்சை உடம்போடு இருக்கும் அவளிடம், இன்னொரு பிள்ளையையும் உன் பிள்ளையில்லை என்று உன் வாயாலே சொல் என்று கேட்பதைவிட ஒரு பொய் மேலானது என்றே எனக்கும் பட்டது. மறுபுறம், அங்கே ஒருத்தி தொட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவன் பொய் சொன்னால் அவள் நம்புவாள். நாளை அந்தப் பெண்மணியே அழைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த எண்ணத்தோடு காரின் கதவைத் திறந்தபடி நின்றேன்.

“காவ்கியா இருக்கானா?”

குரல் பின்னாலிருந்து வந்தது. தலையைத் துண்டால் சுற்றி, வெயில் கொளுத்தும் அந்த நேரத்தில் காலுறை அணிந்து, அந்தச் சீனப் பெண்மணி உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கணவர் ஏதோ அதட்டினார், உள்ளே போகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. என்னையே பார்த்துத் திரும்பவும் மலாயில் கேட்டார்: “உயிரோட இருக்கானா?”

“இருக்கிறான் அம்மா. இன்று வீட்டுக்குப் போகிறான்.”

அவர் கதவில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “போன்ல உங்க மருமக பேரு வரும். எனக்கு எடுக்கப் பயம். அவனும் என் பிள்ளைதானே, என் ராசி அவனையும் கொண்டுபோயிருக்கும்னு நெனச்சேன். ரெண்டும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

கணவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மகன் கைப்பேசியிலிருந்த படத்தைக் காட்டினான். அவர் அதை வாங்கி, முகத்துக்கு மிக அருகில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். திருப்பித் தரவில்லை. என் மடியிலிருந்த பை இப்போது கையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரே அதைக் கண்டார்.

“வாங்க வந்திருக்கீங்க.”

“ஆம்” என்றேன்.

“நான் அந்த வார்த்தைய சொல்லணும், இல்லையா?”

“மன்னிக்க வேண்டும் அம்மா. இங்கே நடந்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டோம்.”

அவர் வாயைத் திறந்தார். மலாயில், “இது என்” என்று தொடங்கி நின்றுவிட்டார். மீண்டும் தொடங்கினார். சொல் வெளியே வரவில்லை. கணவர் எழுந்து எங்களை நோக்கி வந்தார். அடிப்பாரோ என்றே நினைத்தேன். மகன் எனக்கு முன்னால் வந்து நின்றான். ஆனால் அவர் எங்களைக் கடந்துபோய், மனைவிக்குப் பக்கத்தில் தரையில், எண்ணெய்க் கைகளோடு அமர்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில் பெண்மணியின் கையிலிருந்த மகனின் கைப்பேசி அதிர்ந்தது. மருமகள். பொறுக்கமுடியாமல் அழைத்திருக்கிறாள். மகன் கையை நீட்டுவதற்குள் பெண்மணி எடுத்து, ஒலிபெருக்கியையும் அழுத்திவிட்டார்.

ஒருவரை ஒருவர் அக்கா, தங்கை என்று மலாயில் அழைத்துக்கொண்டார்கள். பெண்மணி தம் மகளின் செய்தியைச் சொன்னார். மறுமுனையில் அழுகை கேட்டது. பெண்மணி என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“தங்கச்சி, தவிடு வந்திருச்சு. வாங்கிக்கிறேன். ஆனா என் பிள்ளை இல்லைன்னு என்னால சொல்லமுடியல. பெரியவங்க சொல்லச் சொன்னாங்கன்னு ஒரு தடவ சொல்லிட்டேன், என் மகளப் புதைக்கத் தூக்கிக்கிட்டுப் போகும்போது. இன்னொரு தடவ வாய் வரல.”

இதுதான் நான் அஞ்சியது. சொல் இல்லாமல் பிள்ளை கைமாறாது. மருமகள் அவனைத் தூக்கமாட்டாள். மாலைக்குள் கட்டிலைக் காலிசெய்ய வேண்டும். அதைவிட, அவள் மனத்தில் இந்த மறுப்பு என்ன செய்யும் என்பதை எண்ணவே எனக்குத் துணிவில்லை. மகன் கண்களை மூடிக்கொண்டான்.

கைப்பேசியின் ஒலிபெருக்கி வழியே அவள் குரல் வந்தது. மெல்லிய குரல், ஆயினும் தெளிவாக இருந்தது. “சொல்ல வேணாம் அக்கா. விக்கவும் வேணாம். பிஞ்சாமா குடுங்க.”

பிஞ்சாம் என்றால் இரவல்.

பெண்மணி ஆலைப் பக்கமாகப் பார்த்தார். இரவல் என்பதைத் தமக்குள் இருமுறை சொல்லிப்பார்த்ததுபோல் இருந்தது. “பிஞ்சாம்னா சரி” என்றார். “தூக்கிக்க. பசிக்கும் அவனுக்கு. முதல்ல தூக்கிக்க.”

தவிட்டுப் பையை என்னிடமிருந்து கணவரே வாங்கிக்கொண்டார். நன்றி சொல்வதா, வருத்தம் தெரிவிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் மருமகள் அழைக்கவில்லை. நாங்கள் அழைத்தபோதும் எடுக்கவில்லை. மகன் வேகமாக ஓட்டினான். இரவல் என்று சொன்னாளே தவிர, கை துணிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் அதே ஐயம் இருந்திருக்க வேண்டும். மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறினோம். என் வயதுக்கு அது முறையல்ல.

தொட்டில் காலியாக இருந்தது.

மகன் மிஸ்ஸியைக் கேட்டான். அவர் நடைவழியின் கோடியைக் காட்டினார். அங்கே மருந்து வாங்குமிடத்துக்கு முன்பாக, நீண்ட இருக்கையில் மருமகள் அமர்ந்திருந்தாள். பிள்ளை அவள் நெஞ்சோடு சாய்ந்து, துணிக்குள் பாதி மறைந்து, தூங்கிக்கொண்டிருந்தான். சம்பந்தி அம்மாள் அவர்கள் மேல் மின்விசிறிக் காற்று படாதபடி குறுக்கே நின்றிருந்தார். நான் அருகே போனதும் மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையைப் பிடித்த பிடி தளரவில்லை.

“அழைச்சீங்களா மாமா? ரெண்டு கையிலயும் இவன் இருந்தான். எடுக்கமுடியல.”

கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். கதவைத் திறந்துவிட்டுச் சம்பந்தி அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இனியாவது ஒரு பேர் வைக்கலாமோ பிள்ளை? நான் ஒண்டும் சொல்லேல்லை. அண்ணையின்ரை பேரெண்டாலும் எனக்குச் சம்மதம்.”

முழுப் பெயரையும், முதலெழுத்தை மட்டுமல்ல, அவர் வாயால் ஒப்புக்கொண்டது அன்றுதான். ஆனால் மருமகள் தலையை அசைத்தாள். பிள்ளையின் தலை கதவில் இடித்துவிடாதபடி கையால் மறைத்து, குனிந்து உள்ளே அமர்ந்தாள்.

“அவங்களக் கேக்கணும்மா. இரவல் வாங்கின பிள்ளைக்கு நாமளா பேரு வெச்சிறக்கூடாது.”

மகன் காரைக் கிளப்பினான்.